றஞ்சனி பூசிய சுவர்

ஓகஸ்ட் 5, திங்கள்

முன்பள்ளியின் வடக்குச் சுவர் மறுபடி உப்பிவிட்டது. தொட்டால் பெயின்ற் தோலாக உரிகிறது. நாலு வயதுக் கம்சிகா இருமி இருமித்தான் படம் கீறினாள். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். "மாரிக்கு முதல் காயாட்டில் பிள்ளையளை இங்கை வைச்சிருக்கேலாது, ரீச்சர்." சுருவில் ஊரில் வேறு முன்பள்ளி இல்லை. பழைய கடல் முருகைக்கல் சுவருக்குச் சீமெந்து பூசி, மேலே நீர் புகாப் பெயின்ற் அடிப்பித்தது யார்? நானும் நிர்வாகக்குழுத் தலைவர் அன்ரனிதாஸ் அண்ணையும்தான்.

ஓகஸ்ட் 12, திங்கள்

புளியங்கூடலில் இருந்து மேசன் வந்தார். அன்ரனிதாஸ் அண்ணை அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மேசன் எங்கை, பிள்ளை?" என்றார்.

"நான்தான் அண்ணை. றஞ்சனி."

றஞ்சனி உள்ளே வரவில்லை. முதலில் கட்டடத்தைச் சுற்றி நடந்தார். கூரைப் பீலி உடைந்து சுவரடியில் தண்ணீர் விழுந்த தடத்தைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் பூசினது மழையை மறிக்கேல்லை ரீச்சர். ஈரத்தை உள்ளுக்கை வைச்சுப் பூட்டிப்போட்டுது."

சுருக்கென்றது. ஆனால் உண்மைதானே.

ஓகஸ்ட் 22, வியாழன்

பீலி மாற்றியாயிற்று. சுவரடியில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிக் கல் நிரப்பினார். இன்றுதான் உளியை எடுத்தார். சீமெந்தின் கீழே நாலு சுவரிலும் கல் நனைந்து கறுத்துக் கிடந்தது. பிள்ளைகளைக் கோயில் விறாந்தைக்கு மாற்றிவிட்டேன்.

செப்ரெம்பர் 9, திங்கள்

மணலை நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவிச் சுண்ணாம்போடு குழைக்கிறார். பூச்சு மெல்லிசு. அது இறுகிய பிறகு இன்னொன்று. ஒரு அவசரமும் இல்லாத கை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

செப்ரெம்பர் 14, சனி

புதிதாகப் பூசிய மேற்குச் சுவர் முழுக்க வெடிப்பு. மாதாவே.

செப்ரெம்பர் 16, திங்கள்

என்ன சாட்டுச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்துப் போனேன். நான் வாய் திறக்க முதலே சொன்னார்: "மேற்காலை அடிக்கிற சோளகக் காத்து, பூச்சு கெதியாக் காஞ்சிட்டுது. நனைச்ச சாக்குக் கட்டியிருக்க வேணும். கட்டேல்லை. என்ரை பிழை, ரீச்சர்."

மயிரிழை வெடிப்புத்தான். தடவி மூடியிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. முழுச் சுவரையும் கொத்தி விழுத்தினார். பதினாறு வருடம் படிப்பிக்கிறேன் — ஒரு நாளாவது இப்படி நேரே நின்று என் பிழையைச் சொல்லியிருக்கிறேனா?

ஒக்ரோபர் 14, திங்கள்

சண்டை. முப்பதாம் திகதி பரிசோதகர் வருகிறார். தண்ணீர் புகாத கடைசிப் பூச்சை இன்றே அடி என்று அன்ரனிதாஸ் அண்ணை நின்றார்.

"ஏலாது அண்ணை. சுவர் காயாமல் அடிச்சால் பழைய கதைதான்."

"அவர் வந்து பூட்டினால் ஆர் பதில் சொல்லுறது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போனால் நான் எங்கே போவது? ஆனாலும், "காயட்டும்" என்றுவிட்டேன்.

ஒக்ரோபர் 29, செவ்வாய்

காய்ந்துவிட்டது! சவர்க்காரத்தைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து, நுரை எழாமல் சனிக்கிழமை பூசினார். ஒரு நாள் விட்டுப் படிகாரத் தண்ணீர். இன்று மறுபடி சவர்க்காரம். இரண்டும் சேர்ந்து மெழுகு மாதிரி சுவரின் நுண்துளைகளில் படியுமாம். மழை உள்ளே போகாது, உள்ளீரம் ஆவியாக வெளியே வரும்.

"இதை எங்கை பழகினனீர்?"

"ஒரு பழைய கோயிலைத் திருத்தேக்கை. ரெண்டு தரம் பழுதாக்கித்தான் பிடிபட்டுது."

ஒக்ரோபர் 30, புதன்

பரிசோதகர் சுவரில் தண்ணீர் ஊற்றினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. "மாரி போகட்டும், பிறகு சொல்லுறன்" என்று போய்விட்டார்.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. கரையோர வீடுகளில் வெள்ளம். கிராம சேவையாளர் ஒன்பது குடும்பங்களை எங்களிடம் அனுப்பினார். மருந்தோடு வந்த பரிசோதகர் சுவரைத் தடவிப் பார்த்தார், ஈரமில்லை; பிள்ளைப்பெற்ற ஒருத்திக்கு வடக்குச் சுவரோரம் தானே பாயை விரித்தார்.

மத்தியானம் வாசலில் றஞ்சனி. தலையில் ஒரு பொதி, இடுப்பில் மகள், உடம்பெல்லாம் தண்ணீர். "வீட்டுக்குள்ளை இடுப்பளவு வெள்ளம் ரீச்சர். இங்கை இடமிருக்கோ?"

"நீரே இதைக் கேக்கிறது?" என்றேன். பொதியை வாங்கினேன். அன்ரனிதாஸ் அண்ணை கதிரையை விட்டு எழுந்தார். "இரு, மேசன்."

றஞ்சனி கதிரையில் இருக்கவில்லை. உடுப்பு மாற்றி, மகளை மடியில் கிடத்தி, நிலத்தில் அமர்ந்து சுவரில் சாய்ந்தார். சோறு கொண்டு போனபோது இருவரும் நல்ல நித்திரை.