பிறபொருளெதிரிக்கு ஒரு பிணை

12.01.2001, புதுக்குடியிருப்பு
ரியூசனுக்குப் போகவில்லை. கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்துவிட்டது: ஈரலழற்சி சி. முந்தி ஒப்பரேசனில் ஏற்றிய இரத்தத்தால் வந்திருக்கலாமாம். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியும் இருக்கிறது, கிருமியும் இருக்கிறது. "உங்கட ஆக்கள் தோத்துப்போச்சினம் ரீச்சர்" என்றார் டொக்டர்.

பிறபொருளெதிரி உடலைக் காக்கும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன். என் உடம்பு அந்தப் பாடத்துக்கு வரவில்லை போலும்.

15.01
அண்ணன் மனைவி பத்மாசனி மச்சாள் எனக்கென்று ஒரு மஞ்சள் கோப்பையைத் தனியாக வைத்துவிட்டார். கோப்பையால் தொற்றாது என்று விளங்கப்படுத்தினேன். "ஓம் மச்சாள்" என்றார். கோப்பை அங்கேயே இருக்கிறது. எரிச்சலாக வருகிறது.

02.02
கொழும்பில் ஒரு டொக்டர், மற்றவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த பிறபொருளெதிரியைச் சேலைன் போல ஏற்றிப் பரீட்சித்துப் பார்க்கிறாராம். மாதாமாதம் ஏற்ற வேண்டும். பலன் நிச்சயமில்லை. போகவா? இருந்து மட்டும் என்ன கண்டேன்?

19.02
வன்னியை விட்டு வெளியே போக இயக்கம் பாஸ் தருமாம், ஒரு மாதத்துக்கு. ஆனால் நான் திரும்பும்வரை இங்கே ஒருவர் பிணை நிற்க வேண்டும். வராவிட்டால் அவரைத்தான் பிடிப்பார்கள். அண்ணன் முகட்டைப் பார்த்தார். "நீ அங்கயே நிண்டிட்டா நான் என்ன செய்யிறது?"

நியாயமான கேள்விதான். அதுதான் கோபம்.

20.02
பிணைக்கு மச்சாள் கையெழுத்து வைத்துவிட்டார். திரும்பி வந்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

11.03, கொழும்பு
முதல் தடவை ஏற்றினார்கள். குளிர் காய்ச்சல். யாருடைய இரத்தமோ.

27.03
கிருமி குறைந்திருக்கிறதாம். "இப்ப விட்டா திரும்பவும் கூடும், நிண்டு அடுத்ததையும் ஏத்துங்கோ" என்கிறார் டொக்டர். ஏப்ரல் ஐந்தோடு பாஸ் முடிகிறது. நின்றால் மச்சாள். போனால் ஈரல். என் கோப்பையைத் தொடப் பயந்த மனுசிக்காக நான் ஏன் — சீ, என்ன நினைப்பு இது.

நிற்கலாம். இல்லை. நிற்கலாம்.

28.03
வவுனியா ரெயினுக்கு ரிக்கற் எடுத்தாயிற்று. அழுகையாக வருகிறது.

01.04, புதுக்குடியிருப்பு
வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கினார். மச்சாள் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டு வந்தார். அதே மஞ்சள் கோப்பை.

"டொக்டர் என்னவாம்?"

சொன்னேன்.

"அப்ப அடுத்த பாசுக்கு நாளைக்கே எழுதிக் குடுப்பம். பிணைக்கு நான் இருக்கிறன்."

கோப்பையைக் கழுவி அதன் இடத்திலேயே வைத்தேன்.