ஏரிக்கரை நடைக்கு எதற்கு வருகிறார்கள்?

மார்ச் 3, ஞாயிறு

பறவைகள் ஏரியில் இன்றைய வழிகாட்டி நடைக்கு இருபத்தாறு பேரோடு கிளம்பினேன். ஏரியைச் சுற்றி வந்து சேர்ந்தபோது என்னோடு நான்கு பேர். அதில் ஒருவர் காவலாளி.

மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் சொல்றீங்க மேடம். கேக்க ஆள் வேணுமே?" ஜூன் மாதத்திலிருந்து வழிகாட்டி நடையை நிறுத்திவிட்டு, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி கொடுக்கப்போகிறார்களாம். பதினோரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். இனி அதை ஒரு மெஷின் சொல்லும்.

மார்ச் 10

அண்ணன் வந்தான்! பக்கவாதம் வந்து ஐந்து மாதமாக வாசலைத் தாண்டாதவன். அண்ணியும் நானும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தோம்.

மூன்றாவது மரத்தடியில் வேர்களைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பினால், இருவரையும் காணவில்லை. போன் செய்தேன். "அவருக்கு முடியலம்மா, விடு," என்றார் அண்ணி. அவ்வளவுதான்.

மார்ச் 11

கோபம் போகவில்லை. முடியலையாம்! சும்மா சாக்கு. சொந்தத் தங்கச்சி பேச்சுகூடவா கசக்குது?

மார்ச் 13

மனசு கேட்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"போர் அடிச்சுதா? நேரா சொல்லு."

"நீ சொன்னது எதுவும் காதுலயே விழல. அடுத்து எங்க உக்கார்றதுன்னு தேடிட்டே வந்தேன். அத்தனை பேர் முன்னாடி கேக்க வெக்கமா இருந்துச்சு."

அந்தப் பாதையில் எத்தனை வகை மரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எத்தனை பெஞ்சு? தெரியாது. எண்ணியதே இல்லை.

"இனிமே என்னைக் கூப்பிடாத," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 17

இன்று நடை இல்லை என்று எழுதி மாட்டிவிட்டு, சீருடை போடாமல் டிக்கெட் கொடுக்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்களிடம் ஒரே கேள்வி: "இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"வீட்ல கரண்ட் இல்ல."

"ரெண்டு பேரும் தனியா பேசறதுக்கு."

மூன்று குழந்தைகளோடு வந்த ஓர் அம்மா: "இதுங்க ஓடட்டும். ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாம இருக்கணும்."

பறவையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன் என்று நாற்பது பேரில் இரண்டே பேர்.

டிக்கெட் அக்கா சிரித்தார். "என்கிட்ட தினமும் மூணே கேள்விதான். பாத்ரூம் எங்க, எவ்ளோ தூரம் நடக்கணும், தண்ணில பாம்பு இருக்கா."

"இத ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் எப்பவும் பேசிட்டே இருப்பீங்களே!"

ஆமாம். பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன் – இத்தனை வருடமாக.

மார்ச் 25

பதினோரு பக்கத்தை இரண்டாக்கினேன். வேர் போயிற்று. வேர் போனதில் அழுகை வந்தது, பைத்தியம் மாதிரி. முதல் வரி இப்போது: எவ்வளவு தூரம், எங்கே உட்காரலாம், எங்கே திரும்பலாம். இரண்டாவது வரி பாம்பு.

நான்கு பெஞ்சு கேட்டேன். மேலதிகாரி இரண்டு தந்தார்.

ஏப்ரல் 7

புது நடை. அரை மணி நேரம். கிளம்பியது பத்தொன்பது பேர், திரும்பியது பதினாறு.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பிடித்துக்கொண்டார். "இவ்ளோதானா? போன வருஷம் எவ்ளோ விவரமா சொன்னீங்க!" மற்றவர்களுக்காகக் கத்தரித்ததில் இவருக்கு எதுவும் கிடைக்காமல் போய்விடக் கூடாதே? மீதி ஒன்பது பக்கத்தையும் அவருக்குத் தனியாகச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம். இருவருக்கும் பசி தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் ஒரு நீள நடை வைக்க வேண்டும்.

ஏப்ரல் 20

அண்ணியிடம் புதுப் பெஞ்சுகளைப் பற்றிச் சொன்னேன். அண்ணனிடம் சொல்லவில்லை. கூப்பிடாதே என்றானே.

மே 26, ஞாயிறு

கருவி வாங்கும் யோசனையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் எழுத வந்தது அதை அல்ல.

இன்று காலை கூட்டத்தின் கடைசியில் அண்ணன் நின்றிருந்தான், அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு. வழக்கம்போல முதல் வரியைச் சொன்னேன்: எவ்வளவு தூரம், எங்கே உட்காரலாம். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தவன், "நீங்க போங்க," என்று கையசைத்தான்.

சுற்றி முடித்துத் திரும்பினால், முன்பின் தெரியாத ஒரு குடும்பமே அவனைச் சூழ்ந்து நின்று கத்திக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முங்கி முங்கி எழுகிறது. அடுத்து எங்கே தலை தூக்கும் என்று பந்தயம்.

"வா வா, நீயும் சொல்லு," என்று நகர்ந்து இடம் விட்டான்.

அது எவ்வளவு நேரம் மூச்சடக்கும், எப்படி நீந்தும், எல்லாம் எனக்குத் தெரியும். மூன்று தடவையும் தோற்றேன்.