பலகையில் இருக்கும் என் பெயர்

ஜூன் 9, 2025. கிருஷ்ணகிரி
ஆய்வுக்காக நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் படித்தாயிற்று. கல்வித் திறனை ஆராய்ந்தவர்கள் முதலில் மூளையை அளந்தார்கள், அப்புறம் குடும்பத்தை, இப்போது பள்ளியை. எல்லாமே மேலே படித்தவர்களின் கணக்கு. படிப்பை விட்டுப்போனவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. என்னோடு படித்த மாதேஸ்வரி இல்லை.

ஜூன் 10
பிளஸ் டூவில் அவள் 1121, நான் 1114. கல்லாவியில் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். சுதந்திர தினத்தன்று மேடையேறி முதல் பரிசு வாங்குகிறவர் பெயரைத்தான் முதல் மாணவர் பலகையில் எழுதுவார்கள். அதற்குள் அவளை ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். "ஆள் வரலையா? அடுத்த பொண்ணக் கூப்பிடு" என்றார் தலைமையாசிரியர். நான் ஏறினேன். ஏறினேனே! பதினாலு வருஷமாக அங்கே 'சுமலதா' என்று என் பெயர் இருக்கிறது.

ஜூன் 18
விட்டுப்போனவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதட்டுமா என்று வழிகாட்டி ராஜசேகர் சாரிடம் கேட்டேன். "தரவு எங்கம்மா?" என்றார்.
மாதேஸ்வரியின் அம்மாவிடம் நம்பர் வாங்கிவிட்டேன். ஓசூரில்தான், மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறாளாம். ஆய்வுக்காகவா தேடுகிறேன்? இல்லை. அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு
போனேன். கம்பெனி யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள். பலகையைப் பற்றிச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.
"தெரியும்டி. எங்கம்மா அப்பவே சொல்லிச்சு. அது கெடக்கட்டும், பரிசு என்னா குடுத்தாங்க?"
"டிக்‌ஷனரி."
"பெருசா?"
கையால் அளவு காட்டினேன். என் கைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"புக்குன்னு தெரியும். என்னா புக்குன்னுதான் தெரியல. கம்பெனில லைன்ல நின்னு வேல செய்யறப்ப அடிக்கடி நெனச்சுக்குவேன்."

ஜூன் 23
டிக்‌ஷனரியைக் கையோடு எடுத்துப் போயிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

ஜூன் 29
கொடுத்துவிட்டேன். கிழிந்த அட்டை, ஓரமெல்லாம் என் பென்சில் கிறுக்கல். வெட்கமாக இருந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன்.
"புதுசு யாருக்கு வேணும்? இதுதான் என்னோடது" என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஜூலை 8
அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும் என்றுவிட்டார் சார். எழுத உட்கார்ந்தேன். ஒரு சொல்லில் சந்தேகம் வந்து, பழக்கத்தில் கை அலமாரிக்குப் போனது. அங்கே இடம் காலி.
அந்தச் சொல்லைப் பார்த்துச் சொல்லும்படி மாதேஸ்வரிக்குச் செய்தி அனுப்பினேன். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனில் கூப்பிட்டாள். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. அர்த்தத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள்.
"அடுத்த வார்த்தையும் படிக்கட்டுமா?"
படி என்றேன்.