முள் வைத்த மடி

8.3.2009, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் பிடித்தேன், ஆறு குடம். கடைசிக் குடத்தை இறக்கும்போதே எரிச்சல். பதினோரு மணிக்கு வாசகர் அரட்டை. எழுதுவது நான், பேசப்போவது தவசி.

இணையத்தில் வாராவாரம் வரும் ‘ராக்கு’ சித்திரக்கதைக்கு வசனம் என்னுடையது. படம் தவசி, எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர். இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர், கருவேலன். ஆண் பெயராக வைக்கச் சொன்னது நான்தான். அண்ணன் காதுக்குப் போகக்கூடாதே.

மதியம்

பிரவுசிங் சென்டரிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். “கருவேலன் அண்ணே, ராக்கு மாதிரி பொண்டாட்டி வாச்சா ஒங்க கதி?” “தினமும் முள்ளுதான் தம்பி” என்று தவசி தட்டினார். ஒரே சிரிப்பு.

போன வாரக் கதை இது: மிளகாய்ப் பழம் எடுக்கும் பெண்கள் களத்தைவிட்டுப் போகும்போது மடியை உதறிக் காட்ட வேண்டும். உதறினாலும் முதலாளி நம்பாமல் கையை விட்டுத் துழாவுவார். ஒரு நாள் ராக்கு மடிக்குள் கருவேல முள்ளை வைத்துக்கொண்டு போகிறாள்.

‘ஒட்டகம்75’ என்ற பெயரில் ஒருவன் சீண்டினான்: “கதை விடாதீங்கண்ணே. எவளாச்சும் வேணும்னே முள்ள வைப்பாளா?”

தவசிக்கு ரோஷம். “நிசமா நடந்தது. உத்தரகோசமங்கைக்கு மேற்கே, மூணு வருசம் முந்தி.”

நான் அவர் கையைப் பிடித்தேன். அதற்குள் அனுப்பிவிட்டார். ஏன் முன்பே பிடிக்கவில்லை? திரையில் மேலே எவரோ வசனத்தைப் புகழ்ந்திருந்தார், அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அது எங்கள் களம். முள் குத்தியது அண்ணன் உக்கிரபாண்டியின் கையில். தற்செயலாக ஒட்டிய முள் என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே வைத்ததை, அங்கே பழம் எடுக்கும் முருகம்மாள் என் ஒருத்தியிடம்தான் சொன்னாள். நான் சிரித்துச் சிரித்துத் தவசியிடம் சொன்னேன்.

9.3.2009

யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருப்பார்களோ?

14.3.2009, சனி

அண்ணன் போன்.

“ஏத்தா, நம்ம வீரையா துபாய்லருந்து பேசுனான். எவனோ கருவேலனாம், நம்ம களத்தப் படமாப் போட்டிருக்கான். அந்த முருகம்மா வேணும்னுதான் முள்ள வச்சிருக்கா! வெளியாளுட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கா. இனி எவன் களத்துலயும் அவளுக்கு வேல கெடையாது, சொல்லிவிட்டுட்டேன். நீ படிச்ச புள்ள, அந்தப் பய எவன்னு பாத்துச் சொல்லு.”

வீரையா என் அண்ணன் மகன். துபாய் என்றதும்தான் உறைத்தது, அந்த ஒட்டகம் அவன்தான்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிண்ணே.”

சரிண்ணே. நாற்பத்து மூன்று வயதாகிறது எனக்கு. சிறு வயதிலிருந்து அந்தக் களத்தில் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். முதலில் பெற்ற அய்யாவின் கை, பிறகு அண்ணனின் கை. ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

16.3.2009

பள்ளிக்கு லீவு போட்டு முருகம்மாள் வீட்டுக்குப் போனேன். அறுவடை உச்சத்தில் இருக்கும்போது அவள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

“ஒங்கண்ணன் கையில குத்துனதுக்கு நான் வருத்தப்படல தாயி. ஒன்ட்ட மட்டுந்தான சொன்னேன்?”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“படத்துல நான் இருக்கேங்கிறாக. ஒங்கண்ணன் இருக்காராம். நீ எங்கன இருக்க?”

18.3.2009

தவசியிடம் ஆசிரியர் அறையில் கத்தினேன்.

“அந்தப் பக்கத்தை அழிச்சிருவோம் டீச்சர். நாலு நாள்ல மறந்துருவாக.”

“அவளுக்கு நாலு நாள்ல வேலை வந்துருமா?”

“ஒங்கண்ணன் மேல உள்ள கோவத்தை எம்மேல காட்டாதீக.”

உண்மை. உண்மை என்பதால் இன்னும் பற்றி எரிகிறது.

19.3.2009

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன்.

21.3.2009, சனி

நாளை மறுபடி அரட்டை. வீரையா கட்டாயம் வருவான். கருவேலன் யார் என்று கேட்டு நோண்டுவான்.

அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்லலாம். சொன்னால் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள். நான் அழுவேன், அண்ணி காபி கொடுப்பாள், முருகம்மாள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். நாற்பது பேர் படிக்கும் இடத்தில் எழுதினால் சாத்துவதற்குக் கதவு இல்லை.

தட்ட வேண்டியதை எழுதிப் பார்த்துவிட்டேன்: “என் பெயர் இராமலட்சுமி. அந்தக் களம் எங்கள் அய்யாவுடையது. பெண்கள் மடியில் கையை விட்டவர் என் அண்ணன். முள் வைத்தவள் என்னிடம் மட்டும் சொன்னாள். ஊருக்குச் சொன்னது நான்.”

தவசிக்குச் சொல்லவில்லை. முருகம்மாளுக்கும் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். பங்குனி உத்திரத்துக்கு எனக்கு மாம்பழ மஞ்சளில் சேலை எடுத்து வைத்திருக்கிறாளாம். நல்ல நிறம்தான் அண்ணி என்றேன்.

நாளைக்குப் பிறகு அதை யாருக்குக் கொடுப்பாளோ.