நீங்கள் எழுதாமல் விட்ட குறிப்பு

அக்கா, இன்று காலை வேலம்பாளையத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பனியனில் காய்ந்துகொண்டிருந்த மையின் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே போகாமல் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இறந்து ஒரு வாரம் ஆகிறது.

இருபது வருடத்துக்கு முந்தைய அந்த ஆர்டர் ஞாபகம் வந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகக் கடை ஒன்றுக்கான பனியன். முன்புறத்தில் நானூறு வருடப் பழைய புத்தகத்தின் ஒரு பக்கத்தை அப்படியே அச்சடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ‘மியூசிக்’ என்ற ஆங்கிலச் சொல் மூன்று இடத்தில், மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் கடைசியில் ஒரு ‘கே’ கூடுதல், இன்னோரிடத்தில் அதற்குப் பின்னால் ஒரு ‘ஈ’யும். நான் அப்போது புது மெர்ச்சண்டைசர், ஆர்டர் கொடுக்கும் பையரோடு பேசிச் சரக்கை முடித்துக் கொடுக்கும் வேலை. ஒரு பீஸ் போல இன்னொரு பீஸ் இல்லாவிட்டால் ரிஜெக்ட் என்பதுதான் இந்தத் திருப்பூர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். பையரைக் கேட்காமலே மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கி, அச்சுக்கு ஸ்க்ரீன் போட அனுப்பிவிட்டேன். வெள்ளைக்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மேதாவி நான்.

செக்கிங் மேஜையில் நீங்கள் பிடித்துவிட்டீர்கள். பையர் அனுப்பிய தாளையும் பனியனையும் விரல் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்ப்பீர்களே.

“சார், இதுல எழுத்து குறையுதே. ஒரு மெயில் போட்டுக் கேட்டுருங்க.”

“அது அவங்க தப்புங்கக்கா. நான்தான் சரி பண்ணுனனுங்க.”

“சரியோ தப்போ, தாள்ல இருக்கது இது இல்லைலா. நான் குறிப்புல எழுதிருதேன்.”

செக்கிங் ஷீட்டில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினால் முதலாளி மேஜைக்குப் போகும். இந்த வேலையும் போனால் குன்னத்தூருக்குத் திரும்பி அப்பா முன்னால் நிற்க வேண்டும். “எழுதாதீங்கக்கா, இப்பவே மெயில் போட்டர்றனுங்க” என்றேன். நீங்கள் அதை நம்பி, கட்டத்தை விட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டீர்கள். நான் மெயில் போடவில்லை.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பையரின் ஆள் முதல் பெட்டியிலேயே நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக, சில சமயம் ஒரே ஆளே பல விதமாக எழுதுவார்களாம், எதுவும் பிழையில்லையாம். அதைக் காட்டத்தான் அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்களாம். மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

எழுத்து மாறியது ஸ்க்ரீன் போட்ட இடத்தில்தான் என்று முதலாளியிடம் நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். முதலாளி ஷீட்டை எடுத்தார். குறிப்புக் கட்டம் காலி.

“ஏனுங்கம்மா, பாக்காமயே கையெழுத்துப் போட்டீங்களா?”

நான் உங்களுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. “கவனிக்கல சார்” என்றீர்கள்.

அந்த வாரமே உங்களை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி கேட் பக்கத்தில் என்னைப் பார்த்து, “வாரேன் சார், நல்லா இருங்க” என்றீர்கள். திட்டியிருக்கலாம் அக்கா. திட்டாமல் போனதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அவ்வளவு கேவலமான ஆள் நான்.

தூத்துக்குடியிலிருந்து உங்கள் மகன்தான் போன் செய்து நீங்கள் போன செய்தியைச் சொன்னார். “திருப்பூர்ல ஒரு நல்ல மனுஷன் உண்டுன்னு அம்மா உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க சார்” என்று அழுதார். அப்போதாவது நடந்த உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “உங்கம்மாதானுங்க நல்லவங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். இந்த முறையும் நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா.