சுவரில் ஒட்டிய பேச்சு

மகளிர் விடுதி,
மதுரை,
18-10-1966

என் பிரியமுள்ள வெள்ளைக்கு,

சண்முகம் எழுதுவது. நான் சுகம். நீயும் அண்ணனும் பிள்ளைகள் மூன்று பேரும் சுகந்தானே? என் செல்ல மருமகன் ஊர்க்காவலன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? தீபாவளி நெருங்கிவிட்டது. நாரணாபுரத்தில் இப்போது உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பட்டாசுச் சரம் பின்னிய கையோடு இதைப் பிரிக்காதே. பொடி அப்பிக்கொண்டு என் கையெழுத்து பாழாகிவிடும்.

முதலில் சந்தோஷச் செய்தி. கல்லூரிகளுக்கு இடையே நடந்த பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா என்பதுதான் தலைப்பு. டெல்லியில் இதற்காக ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது, தெரியுமா? கூடாது என்று பேசி ஜெயித்தேன். என் படத்தோடு பேச்சைப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். தாளை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு தோழி வருகிறாளே, மரணத்தின் வாசல்வரை போய்ப் பிள்ளையோடு திரும்பினவள், அது நீதான். பெயர் சொல்லவில்லை, பயப்படாதே. "அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த எந்தத் தாய் வேண்டாம் என்று சொல்வாள்?" என்று நான் கேட்டதும் மண்டபமே கைதட்டியது.

அடுத்த விஷயம், பிப்ரவரியில் தேர்தல். நம் இரண்டு பேருக்கும் இதுதான் முதல் ஓட்டு. நீ சூரியனுக்குப் போடாவிட்டால் உன்னோடு டூ. விருதுநகரில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள் வேறு வேறு சின்னத்தில் குத்தலாமா?

உன்
சண்முகம்


நாரணாபுரம்,
20-11-1966

என் அருமைச் சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. சீசன் முடிந்து இப்போதுதான் உட்காருகிறேன். பத்திரிகைத் தாளை அவர் வாசித்துக் காட்டினார், பிறகு நானும் தனியாக வாசித்தேன். நன்றாகப் பேசியிருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஒரே பெருமை. கம்பெனிப் பசையை எடுத்து வந்து நடுவீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். மயில்துத்தம் போட்ட பசை, பூச்சிகூட அண்டாது. வருகிறவர்களுக்கெல்லாம் உன் படத்தைக் காட்டுகிறார்.

ஓட்டு விஷயத்தில் என்னைக் கட்டாயப்படுத்தாதே. எட்டாம் வகுப்பு வரைக்கும் நாம் மத்தியானம் பசியில்லாமல் இருந்தது யாரால்? உனக்குச் சம்பளம் இல்லாமல் படிப்பு நடந்தது யாரால்? இப்போது என் மகள் வள்ளித்தாய்க்கும் பள்ளிக்கூடத்தில்தான் மத்தியானச் சோறு. உங்கள் ஆட்கள் வந்து அதை நிறுத்திவிட்டால் நான் யாரைக் கேட்பது? நான் காளைமாட்டுக்குத்தான் போடுவேன். நீ டூ விட்டாலும் சரி.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. டெல்லியில் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினாயே, அந்தச் சட்டம் எப்போது வரும்? தேர்தல் முடிந்ததும் வந்துவிடுமா? யார் ஜெயித்தால் சீக்கிரம் வரும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்புக்கு முன்னைப் போல இல்லை. பசை காய்ச்சுகிற வாடை வந்தால் வெளியே ஓடுகிறேன். பதில் சீக்கிரம் போடு.

உன்
வெள்ளை


மதுரை,
4-12-1966

அன்பு வெள்ளைக்கு,

உன் கடிதத்தை அறைத்தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். நாரணாபுரத்தில் இருந்துகொண்டு என்னமாய் அரசியல் பேசுகிறாள் என்று அசந்துபோனார்கள். ஆனாலும் விடமாட்டேன். சோறு போட்டது சரி, யார் இல்லை என்றார்கள்? அதற்காகக் காலமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இருக்க முடியுமா? உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார் என்று நீதானே போன வருஷம் புலம்பினாய்? படிப்புக்கு ஒதுக்குகிற பணம் எங்கே போகிறது என்று கேட்டால் தப்பா? சென்ற மொழிப் போராட்டத்தில் கல்லூரியை மூடி மாணவர்களை அடித்தார்களே, அதை நான் மறப்பதா?

நீ கேட்ட சட்டத்துக்கு வருகிறேன். அது மாநிலத்தின் கையில் இல்லை. பார்லிமெண்டில்தான் வர வேண்டும். கமிட்டி அறிக்கை கொடுத்து, விவாதம் நடந்து, அது வருவதற்குள் நம் தலை நரைத்துவிடும். நீ காளைக்குப் போட்டாலும் சூரியனுக்குப் போட்டாலும் அதில் மாற்றம் இல்லை. போதுமா? அதுதான் வரவே கூடாது என்று நான் பேசிவிட்டேனே, உனக்கு ஏன் இந்தக் கவலை?

உடம்பைப் பார்த்துக்கொள். பித்தமாக இருக்கும், சீரகம் கொதிக்கவைத்துக் குடி. பொங்கல் விடுமுறைக்கு விருதுநகர் வருகிறேன். மாணவர்கள் எல்லாரும் தேர்தல் வேலைக்கு வருகிறோம். முடிந்தால் உன்னையும் எட்டிப் பார்க்கிறேன்.

உன்
சண்முகம்


நாரணாபுரம்,
9-1-1967

சண்முகத்துக்கு,

இதை வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடு. யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

எனக்குப் பித்தம் இல்லை. மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். ஊர்க்காவலன் பிறந்தபோது டாக்டரம்மா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். கட்டில் பக்கத்தில் நீயும்தானே நின்றாய்? "இன்னொண்ணு வந்தா நீ தங்கமாட்டே தாயி" என்றார். அது என் காதை விட்டுப் போகவே இல்லை. பிள்ளைகள் தூங்கும்போது மூன்று முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் இல்லாவிட்டால் இதுகளுக்கு யார் தலை சீவிவிடுவார்கள்?

சாத்தூரில் வேறொரு டாக்டரிடம் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். சட்டத்தில் இடமில்லை, போலீஸ் கேஸாகிவிடும், எழுந்து போ என்றார். அதற்குப் பிறகுதான் சட்டம் எப்போது வரும் என்று உன்னிடம் கேட்டேன். நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பேசியதுதான் சுவரில் இருக்கிறதே. அதன் கீழேதான் நான் பாய் விரித்துப் படுக்கிறேன்.

அவரிடம் அழுது பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் சுவரைக் காட்டி, "படிச்ச பிள்ளை, உன் சேக்காளி, அவளே கூடாதுங்கா. அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டார். 

பொங்கல் முடிந்ததும் லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிறார். அந்தச் சமயத்தில் ஒரு கிழவியிடம் போகலாம் என்றிருக்கிறேன். குச்சி வைத்துக் கருவைக் கலைக்கிறவள். அவளிடம் போய்ப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள், செத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது சண்முகம். போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம். நீ தப்பு என்று நினைத்தாலும் பரவாயில்லை, பொங்கலுக்கு முன்னால் ஒரு வரி எழுது. உனக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும்.

உன்
வெள்ளை


மதுரை,
23-1-1967

என் வெள்ளை, என் தங்கமே,

போகாதே. எங்கேயும் போகாதே. உன் கடிதத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். பொங்கல் விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிட்டார்கள். உன் கடிதம் வார்டன் அறைத் தட்டில் கிடந்திருக்கிறது. நான் விருதுநகரில்தான் இருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய காரில் உங்கள் ஊர்ப் பக்கம்கூட வந்தேன். உன்னைப் பார்க்க இறங்கவில்லை. அடுத்த ஊரில் கூட்டம் காத்திருக்கிறது என்று அவசரப்படுத்தினார்கள், நானும் போய்விட்டேன்.

கேள். அது என் கருத்தே இல்லை. போட்டியில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். எனக்குக் 'கூடாது' என்ற சீட்டு வந்தது. 'அனுமதிக்கலாம்' என்று வந்திருந்தால் இதைவிட நன்றாக அதற்குப் பேசியிருப்பேன், உன் கதையைத்தான் அதற்கும் சொல்லியிருப்பேன். இது இங்கே எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று. இப்போது இருக்கிற சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் டாக்டர் செய்யலாம், குற்றம் இல்லை. அந்தச் சாத்தூர் டாக்டர் பயந்துபோய் உன்னை விரட்டியிருக்கிறார். போட்டிக்குப் படிக்கும்போதே இது எனக்குத் தெரியும். எதிர்ப் பக்கத்துக்கு வலு சேர்க்கும் என்று பேச்சில் விட்டுவிட்டேன். டிசம்பரில் உனக்கு எழுதும்போதும் அது என் புத்தியில் படவில்லை. என்னைச் செருப்பால் அடி, ஆனால் போகாதே.

மருத்துவக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தியிடம் பேசிவிட்டேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். அண்ணனுக்கும் தனியாக ஒரு கடிதம் கம்பெனி விலாசத்துக்குப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை நானே வந்து உன்னை அழைத்துப் போகிறேன். நான் சொல்வதை நம்புகிறாயா? நம்புகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது.

என்றும் உன்
சண்முகம்


நாரணாபுரம்,
26-2-1967

சண்முகத்தாய்க்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். கிழவியிடம் போய்விட்டு வந்த அன்றே குளிர்காய்ச்சல். உன் கார் வந்தபோது நான் படுக்கையில்தான் கிடந்தேன். ஒலிபெருக்கியில் உன் குரல் கேட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றிப் பேசினாய். வள்ளித்தாய், "சம்முகம் அத்த பேசுதாக" என்று வாசலுக்கு ஓடினாள். வருவாய் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் தேய்ந்து போய்விட்டது.

அப்புறம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கீழே விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். ஒரு போலீஸ்காரர் வந்து, யார் செய்தது என்று மறுபடி மறுபடி கேட்டார். விழுந்தேன் என்றே சொன்னேன். இன்னமும் யாராவது கதவைத் தட்டினால் வள்ளித்தாயைத்தான் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன். சனிக்கிழமை நீ வந்தபோது நான் வீட்டுக்குள்ளேதான் இருந்தேன். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று அவரைச் சொல்லச் சொன்னது நான்தான்.

மெட்ராஸிலிருந்து திரும்பிய பிறகுதான் நீ கம்பெனிக்குப் போட்ட கடிதம் அவர் கையில் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னிடம், "சட்டத்துல இடம் இருந்துச்சாம்லா. அதை ஏன் அந்தத் தாள்ல சொல்லாம விட்டா?" என்று கேட்டார்.  சுவரில் இருந்ததைக் கிழிக்கப் பார்த்தார், அந்தப் பசை விடவில்லை. மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்.

உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று ஊரெல்லாம் வெடி போட்டார்கள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டுப் போடவைத்தார்கள். நான் காளைமாட்டுக்குத்தான் குத்தினேன். வள்ளித்தாயின் சோற்றை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று உன் ஆட்களிடம் சொல்.

நம்புகிறாயா என்று கேட்டிருந்தாய். நம்பத்தான் ஆசை. ஆனால் உன் பேச்சை வாசித்தபோதும் அழுதேன், உன் கடிதத்தை வாசித்தபோதும் அழுதேன். இரண்டையும் அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய். எது சீட்டில் வந்தது, எது உன் மனதில் இருந்து வந்தது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன்மேல் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் சுகம். ஊர்க்காவலன் நடக்கிறான். இனிமேல் இந்த விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
க. வெள்ளைத்தாய்