இரண்டு பக்கமும் எண்ணெய் போட்ட கதவு

பக்கத்து ஊரில் விழுந்த ஊசியின் ஓசையைக் கேட்டு இங்கே முகம் சுளிக்கக்கூடிய பேரரசி, என் ஒரே மருமகள் அவர்களுக்கு,

எண்பத்தெட்டுப் பியானோக் கட்டைகளின் காவலரும், மூன்று அரங்குகளின் சுருதிச் சக்கரவர்த்தியுமான உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதை நான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை.

உன் கடிதத்தை இதுவரை ஏழு முறை படித்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அம்மா வாசிப்பதைக் கேட்க வரலாமா, வந்து பாதியில் எழுந்து ஓடினால் அவளுக்கு மறுபடியும் அவமானமாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். இந்த ஒரு கேள்வியை எழுத உனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. மலைகள் இதைவிட வேகமாக வளரும்.

அன்று உனக்குப் பதினோரு வயது. அம்மாவின் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காதல் ஆசாமிகள் எழுதிய இசையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கம் காதோரம் முணுமுணுப்பார்கள், ஐந்தாம் பக்கத்தில் கதவை உடைப்பார்கள். உடைத்தார்கள். நீ காதைப் பொத்திக்கொண்டு ஓடினாய். பக்கவாட்டுக் கதவின் கீல் போட்ட ஓலத்தில் நானூறு தலைகள் திரும்பின. நானூற்றோராவது தலை மேடையில் இருந்தது.

அதற்குப் பிறகு உன் வீட்டில் நடந்தது உனக்கும் தெரியும். நீ வீட்டில் இருந்தவரை உன் அம்மா, அதாவது என் அக்கா, நடுப் பெடலை அழுத்தித்தான் வாசித்தாள். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கம்பளித் துணி இறங்கி, பியானோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசும். தன் வாசிப்பு மகளுக்கு வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள். நீ அவளை ஊர் முன்னால் தலைகுனிய வைத்ததாக நினைத்துக்கொண்டாய். இரண்டு பேரும் சேர்ந்து காத்த மௌனத்தை மூட்டை கட்டியிருந்தால் ஒரு கப்பல் மூழ்கியிருக்கும்.

இப்போது என் வாக்குமூலம். நீ வருவாய் என்ற செய்தி கண்ணில் பட்டதுமே, கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமல், ஊசிகள் செருகிய என் ஊசிக் கட்டையை எடுத்துக்கொண்டு அரங்குக்குக் கிளம்பிவிட்டேன். சுத்தியல் தலையில் இருக்கும் கம்பளியை ஊசியால் குத்தினால் அது தளரும், நாதம் மெத்தென்றாகும். ஒவ்வொன்றுக்கும் நாலு குத்துப் போதும். நான் நாற்பது குத்தினேன். எண்பத்தெட்டுச் சுத்தியலும் முடிந்தபோது அந்தப் பியானோவை யானை மிதித்தாலும் தலையணை விழுந்த சத்தம்தான் வரும்.

மறுநாள் அக்கா ஒத்திகைக்கு வந்தாள். மூன்று சுரம் வாசித்தாள். நிறுத்தினாள். இந்தப் பியானோவுக்கு எவன்டா ஜலதோஷம் வர வெச்சது என்று கேட்டாள். மழைக் காலம், ஈரம், கம்பளி ஊறியிருக்கும் என்று விஞ்ஞானம் பேசிப் பார்த்தேன். ஏன்டா, ஈரம் ஊசி போட்டுக் குத்துமா, ஒவ்வொரு சுத்தியலும் சல்லடை மாதிரி இருக்கு என்றாள். முப்பது வருட அனுபவமுள்ள ஒரு சக்கரவர்த்தி, கையில் ஊசிக் கட்டையோடு பிடிபட்டான். வேறு வழியில்லாமல் உன் கடிதத்தை நீட்டினேன். அவளிடம் காட்டாதே என்று நீ எழுதவில்லை. எழுதியிருந்தாலும் காட்டியிருப்பேன்.

நான் படிக்காமல் விட்ட இரண்டாம் பக்கத்தை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். தினமும் வேலைக்குப் போகும் ரயிலில் அம்மாவின் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன், சத்தத்தைக் குறைப்பதே இல்லை, எந்த இடத்தில் இடி விழும் என்று மனப்பாடமாகத் தெரிவதால் வலிப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். பெரிய சத்தம் இல்லை மாமா, எப்ப வரும்னு தெரியாத சத்தம்தான் என்னைக் கொல்லுது, சனிக்கிழமை வாசிக்கப்போவதில் பாதி நான் கேட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அக்கா வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ரயில்லயா, தினமுமா என்றாள். பிறகு மேடை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டவே மறந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. நான் டாக்டரைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, ஒரு பென்சில் குடுடா என்றாள். கூடவே, போய் அந்தச் சுத்தியல் எல்லாத்தையும் பழையபடி ஆக்கு, அவ கேக்க வர்றது என்னை, தலையணையை இல்ல என்றாள். தளர்ந்த கம்பளி உதிரும்வரை மூன்று நாள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். இப்போது அந்தப் பியானோ தன் முழுக் குரலில் பேசுகிறது. சொல்லிவிட்டேன், பிறகு மாமா ஏமாற்றிவிட்டார் என்று சொல்லாதே.

இத்துடன் ஆறு தாள் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வாசிக்கப்போகும் அத்தனைக்கும் வானிலை அறிக்கை. எத்தனையாவது நிமிடத்தில் மேகம், எங்கே தூறல், எங்கே இடி, இடிக்கு முன்னால் இடது கை என்ன செய்யும் என்பது வரை இருக்கிறது. நாலாம் தாளின் ஓரத்தில், இங்கே பயப்படாதே, வலது தோளை உயர்த்திவிட்டுத்தான் அடிப்பேன், என்னையே பார் என்று எழுதியிருக்கும். இதையெல்லாம் நான்தான் எழுதினேன் என்று உன்னிடம் சொல்லச் சொல்லி எனக்குக் கட்டளை. ஆகவே நான்தான் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும் என்பதையும், இந்தத் தாள்களில் இருப்பது முத்து முத்தாக இருக்கிறது என்பதையும் நீ கவனிக்கக் கூடாது.

கைதட்டல் பற்றி எழுதியிருந்தாய். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள் கையைக் கட்டையிலிருந்து எடுக்காமல் பத்து எண்ணுவாள். கை எழும்பும்வரை ஒருவரும் தட்ட மாட்டார்கள், அது அரங்கில் எழுதாத சட்டம். அந்தப் பத்துக்குள் நீ காதுக் கவசத்தை மாட்டிக்கொள்ளலாம், அல்லது வெளியே போய் மரத்தடியில் நின்றுகொள்ளலாம். உன் இருக்கை கடைசி வரிசை, அதே பக்கவாட்டுக் கதவோரம். தலைக்கு மேலே ரீங்காரமிட்டுக்கொண்டிருந்த குழல்விளக்கைக் கழற்றிவிட்டேன். தைலக் கடையே நடந்து வருவது போல மணக்கும் அரங்க மேலாளரை எதிர்மூலைக்கு நாடு கடத்தியாயிற்று.

நீ பாதியில் எழுந்து போனால் அவள் என்ன செய்வாள் என்று அக்காவிடம் நேரடியாகவே கேட்டேன். போகட்டும்டா, மரத்தடி வரைக்கும் கேக்குற மாதிரி வாசிக்கிறேன் என்றாள். உன் அம்மா வாய்விட்டுச் சொன்னது அவ்வளவுதான். ஆனால் நேற்று வீட்டுப் பியானோவைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாள். போனால், நடுப் பெடலின் கம்பளித் துணியைத் தானே கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள். இனி வேண்டாம், நீயே வெச்சுக்கோ என்று என் பையில் திணித்தாள். இப்போது என் முழங்காலுக்கு அதைத்தான் சுற்றியிருக்கிறேன். வருடக்கணக்கில் சத்தத்தை அடக்கிய துணி, என் வலியை மட்டும் அடக்க மாட்டேன் என்கிறது.

ஆகவே, வா கண்ணே. ஒரு பாட்டுக்கு வா, அரைப் பாட்டுக்கு வா. அந்தக் கதவுக் கீலுக்கு ஒரு போர்க்கப்பல் வழுக்கி விழும் அளவுக்கு எண்ணெய் போட்டு, நூறு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டேன், பூனைக்குக்கூடக் கேட்காது. வெளியே போவதற்கு மட்டுமல்ல, திரும்பி உள்ளே வருவதற்கும் அதே கதவுதான். எண்ணெய் இரண்டு பக்கமும் போட்டிருக்கிறேன்.

நூறாண்டு உன் காதுகள் இப்படியே கூர்மையாக இருக்கட்டும்.

கதவருகே காத்திருக்கும்,
உன் மாமா